சாயமும் துணியும்: ஒரு சிறு தொழிலின் முதற்பாடம்

(சிறு தொழில் முனைவோருக்கான பயிற்சி முகாம் ஒன்றின் நிறைவு நாளில், மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தாளில் அச்சிட்ட சாயத்தை வெப்பத்தினால் துணிக்கும் குவளைக்கும் மாற்றும் தொழிலைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் பொருளாதாரம் பயின்றவன்; சாயத் தொழில் அறிந்தவன் அல்லன். எனினும் இத்தொழிலின் முதற்பாடத்தை ஒரு தவற்றின் வாயிலாகக் கற்றுக்கொண்டேன். அதனையே முதலில் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இத்தொழிலைத் தொடங்க விரும்பிய ஓர் இளைஞரின் கடன் விண்ணப்பம் பரிசீலனைக் குழுவின் முன் வந்தது. இயந்திரத்தின் விலைப்பட்டியல் இருந்தது. மின் இணைப்புக்குச் சான்று இருந்தது. எதிர்பார்க்கும் வருமானம் கட்டம் கட்டமாகக் காட்டப்பட்டிருந்தது. ஒப்புதல் அளித்தோம். ஆறு மாதங்கள் கழித்து நான் சென்று பார்த்தபோது இயந்திரம் உறையிட்டு மூடிக் கிடந்தது. அருகே வெள்ளைப் பருத்திப் பனியன்கள் மூட்டையாகக் கிடந்தன. அவற்றில் பதித்த படங்கள் முதல் சலவையிலேயே வெளிறிப்போக, சரக்கு திரும்பி வந்துவிட்டது. "எந்தத் துணியில் அச்சிடப் போகிறீர்கள்?" என்று எங்களில் எவரும் அவரைக் கேட்கவில்லை. அக்குழுவில் நானும் ஒருவன்.

இக்கேள்வி ஏன் இன்றியமையாதது? கற்பூரம் உருகாமலே ஆவியாவதை நாம் அறிவோம். பள்ளிப் பாடத்தில் இதனைப் பதங்கமாதல் என்கிறோம். டிஸ்பெர்ஸ் சாயங்கள் எனப்படுபவற்றுள் சிலவற்றிற்கும் இவ்வியல்பு உண்டு. ஏறத்தாழ 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சாயம் ஆவியாகிறது. அதே வெப்பத்தில் பாலியெஸ்டர் இழை நெகிழ்ந்து இடங்கொடுக்கிறது. சாயம் உள்ளே புகுகிறது. வெப்பம் தணிந்ததும் இழைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆதலால் அது உரிவதுமில்லை, எளிதில் வெளுப்பதுமில்லை. பருத்தி இழையோ இச்சாயத்தை ஏற்பதில்லை. பீங்கான் குவளையும் தானே ஏற்பதில்லை. அதற்கென மேற்பூச்சு இட்ட குவளையே வேண்டும்.

டிஸ்பெர்ஸ் சாயங்கள் 1920-களில் அசிடேட் இழைக்காக உருவானவை. பாலியெஸ்டர் இழை 1941-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. இரண்டையும் வெப்பத்தால் இணைக்கும் முறை 1950-களின் பிற்பகுதியில் பிரான்ஸில் தோன்றியது. இன்று சூரத் நகரின் செயற்கை இழைத் துணிகளிலும், ஜலந்தர், மீரட், திருப்பூர் ஆகிய இடங்களில் தைக்கப்படும் விளையாட்டுச் சட்டைகளிலும் இம்முறை கையாளப்படுகிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். இதற்கென உள்ள மையினால், இதற்கென உள்ள தாளில், படத்தை இடவலம் மாற்றி அச்சிட வேண்டும். இல்லையேல் எழுத்துக்கள் இடவலமாகத் திரும்பிவிடும். தாளில் நிறம் மங்கலாகத் தோன்றும். அது கண்டு அஞ்ச வேண்டாம், வெப்பம் பட்ட பின்னரே நிறம் ஒளிரும். துணியைச் சில நொடிகள் வெறுமனே அழுத்தி ஈரத்தைப் போக்கிய பின், தாளை நகராதவாறு ஒட்ட வேண்டும். நகர்ந்தால் படம் இரட்டையாகத் தெரியும். பாலியெஸ்டர் துணிக்கு 200 டிகிரி அளவில் ஏறத்தாழ 45 முதல் 60 நொடிகளும், குவளைக்கு 180 டிகிரியில் ஏறத்தாழ 3 நிமிடங்களும் பொதுவாகப் போதும். இயந்திரத்திற்கு இயந்திரம் இது மாறுபடுமாதலால், முதல் வாரத்தைச் சோதனைக்கென்றே ஒதுக்குதல் நலம். அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும். இச்சாயம் ஒளி ஊடுருவுவது. வெள்ளை மையும் இதில் இல்லை. எனவே வெள்ளை அல்லது வெளிர் நிறப் பொருள்களே ஏற்றவை.

அடுத்துக் கணக்கு. ஒரு குவளைக்கு, பொருத்தி எடுக்கும் நேரத்தையும் சேர்த்து, 5 நிமிடங்கள் ஆவதாகக் கொள்வோம். 6 மணி நேரத்தில் 72 குவளைகள் ஆகும். திட்ட அறிக்கைகளில் இந்த எண்ணையே 300 நாட்களால் பெருக்கி வருமானமாகக் காட்டுகிறார்கள். இது இயந்திரத்தின் திறனேயன்றி ஊரின் தேவை அன்று. நாளொன்றுக்கு 72 குவளை கேட்கும் ஊர் எது?

எடுத்துக்காட்டாக, கடன் தவணை, வாடகை, மின் கட்டணம் ஆகியவை மாதம் 6,000 ரூபாய் என்றும், மூலப்பொருள் செலவு 60 ரூபாய் போக ஒரு குவளைக்கு 40 ரூபாய் மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 150 குவளைகள் விற்ற பின்னரே தம் உழைப்புக்கான கூலி தொடங்கும். பழுதாகும் ஒவ்வொரு குவளையும் ஒன்றரை நல்ல குவளைகளின் மிச்சத்தை விழுங்கிவிடும். ஆகவே இயந்திரம் வாங்குமுன் பள்ளிகள், விளையாட்டுக் குழுக்கள், கடைகள் ஆகியவற்றை நேரில் அணுகித் தேவையைக் கணக்கிடுக.

கடன் கிடைக்காமலில்லை. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு என்னும் பிரிவு 50,000 ரூபாய் வரையிலான சிறு கடன்களுக்கென்றே வகுக்கப்பட்டது. இத்தொழிலில் சிறு அளவில் தொடங்கி, வாடிக்கை பெருகிய பின் விரிவுபடுத்துவதே அறிவுடைமை. முதல் கடன் பெரிதாயின் முதல் பிழையும் பெரிதாகும்.

இரு எச்சரிக்கைகள். நடிகர் படங்களையும் நிறுவனச் சின்னங்களையும் விருப்பம்போல் அச்சிடலாகாது; 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டமும் குறுக்கே நிற்கும். இரண்டாவது, அறம் சார்ந்தது. சங்கனேர், மசூலிப்பட்டினம் போன்ற ஊர்களில் கைவினைஞர்கள் மர அச்சினால் பல நாட்கள் பாடுபட்டு உருவாக்கும் கோலங்களை, இவ்வியந்திரம் ஒரு நிமிடத்தில் பாலியெஸ்டரில் பதித்துவிடும். அவர்களுடைய பெயர்களுக்குப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. இயந்திரத் துணியைக் கைவேலை என்று கூறி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதோடு, கைவினைஞரின் சோற்றிலும் மண்ணைப் போடுவதாகும். கலை நயமுள்ள இளைஞர்கள் புதிய கோலங்களை வரைந்து தமக்கென ஒரு பெயரை ஈட்டலாமே!

இத்தொழிலுக்கென ஒரு சிறப்பும் உண்டு. அச்சிட்டபின் துணியை அலச வேண்டுவதில்லை. சாயக் கழிவு நீர் அநேகமாக இல்லை. ராஜஸ்தானின் பாண்டி ஆறும் நம் நொய்யல் ஆறும் சாய நீரால் பட்ட துன்பத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பயன்படுத்திய தாள் மட்டும் கழிவாகச் சேரும். அதனை முறையாக அகற்ற வேண்டும்.

அந்த இளைஞர் பின்னர் பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டைகளுக்கு மாறினார். தொழில் நடக்கிறது. ஆயினும் வீணான பனியன்களின் விலையை அவரே சுமந்தார். ஒப்புதல் அளித்த நாங்கள் எதையும் இழக்கவில்லை. அலுவலக நண்பர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். விண்ணப்பத்தில் விலைப்பட்டியலைப் பார்க்குமுன், விண்ணப்பதாரர் தம் கையால் அச்சிட்டுப் பத்து முறை துவைத்த ஒரு துணியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தத் திட்ட அறிக்கையும் கூறாததை அத்துணி கூறிவிடும்.