வாடகை வீடும் சட்டமும்

வாடகை வீட்டில் குடியிருப்போர் அறிந்த செய்தி ஒன்றுண்டு. மற்றைத் திறவுகோல் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. கூரை ஒழுகினாலும் அவரைத்தான் நாடவேண்டும். இவ்வதிகாரத்தைக் கொண்டு ஒருவர் குடியிருக்கும் பெண்ணைத் தகாத இச்சைக்கு இணங்குமாறு நெருக்கின், அவள் யாது செய்வாள்? வேலைத்தலத்திலே தொல்லை நேர்ந்தால் மாலையில் வீடு திரும்பலாம். தொல்லை வீட்டு வாசலிலேயே நின்றால் எங்கே திரும்புவது?

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினாவுக்கு விடை சுற்றுவழியாகவே வந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரில் 11ஆந் திகதி, சனாதிபதி ஜோன்சன் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்திற் கையொப்பமிட்டார். இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதை அது தடுத்தது. ஆண் பெண் வேற்றுமை காட்டலாகாது என்னும் விதி 1974இலேதான் சேர்ந்தது. அப்பொழுதும் பாலியல் தொல்லை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

1983இல் ஒஹையோ மாநிலத்திலிருந்த கூட்டாட்சி நீதிமன்றமொன்று ஒரு தம்பதியரின் வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டுக்காரர் மனைவியிடம் ஆடையின்றிப் படமெடுக்க இணங்குமாறு கேட்டார். பின்னர் அதனினும் இழிந்ததைக் கேட்டார். அவள் மறுத்தாள். சில மாதங்களுள் குடும்பமே வெளியேற்றப்பட்டது. மறுத்தமையே வெளியேற்றத்துக்குக் காரணம் என்றும், அது சட்டம் தடுத்த வேற்றுமையே என்றும் நீதிமன்றம் கண்டது. 1985இல் மேன்முறையீட்டிலும் இத்தீர்ப்பு நிலைத்தது. ஆயின், இல்லத்தையே வாழ முடியாத இடமாக்கினார் என்ற மற்றைக் குற்றச்சாட்டை, கேட்டது இருமுறைதானே என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. இது எனக்குக் கடுமையாகவே படுகிறது. வீட்டுக்குட் புகும் அச்சத்தை எண்ணிக்கையால் அளத்தல் எவ்வாறு? பின்னர், 2016இல் அந்நாட்டு வீட்டுவசதித் திணைக்களம் வெளியிட்ட விதி, செயல் கொடியதாயின் ஒரு முறையே போதுமென்றது. 2017இல் நீதித் திணைக்களம் இத்தகைய வழக்குகளுக்கெனத் தனி முயற்சியொன்றைத் தொடங்கிற்று.

நம் நாட்டிலே வழி வேறு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தாற் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை விளைத்தலைக் குற்றமாக்குகிறது. அதிகாரமுள்ள ஒருவர் வேலைத்தலத்தில் மாத்திரமன்றி, வேறெந்த இடத்திற் செய்தாலும் குற்றமே என்று அதன் விளக்கவுரை கூறுகிறது. ஐந்தாண்டு வரை சிறையோ, குற்றப்பணமோ, இரண்டுமோ விதிக்கலாம், நட்டஈடும் கட்டளையிடலாம். முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்திற் செய்யலாம்.

ஒன்று மாத்திரம் மறவாதிருங்கள். இத்தகைய வழக்கில் வீட்டுக்காரர் எளிதிற் கூறக்கூடிய மறுமொழி, வாடகை நிலுவை என்பதுதான். ஆகவே வாடகை செலுத்தும் ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அவர் சொன்ன சொல்லையும் சொன்ன நாளையும் அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் தெரிவித்து வையுங்கள்.