கனியின் அகமும் புறமும்



மொழி சார்ந்த இவ்வுரை வரிசையில் உணவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். உணவைக் குறித்து நாம் எடுக்கும் முடிவுகள் பலவும் சொற்களை நம்பியே எடுக்கப்படுகின்றன. தெளிவற்ற ஒரு சொல் வழக்கில் நிலைத்துவிட்டால், அதை நம்பி உண்பவரின் உடலே அதன் விளைவைச் சுமக்கிறது. 'இயற்கைச் சர்க்கரை' என்பது அத்தகைய ஒரு சொல். பழத்தில் உள்ள இயற்கைச் சர்க்கரையை உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர் கணக்கில் கொள்ள வேண்டுமா என்னும் கேள்வியை அச்சொல்லின் வழியாகவே ஆராய விழைகிறேன்.

நம் இல்லங்களில் இச்சொல் ஒன்றுக்கொன்று மாறான இரண்டு முடிவுகளுக்கு இட்டுச் செல்கிறது. இனிப்புநீர் இருப்பதாக மருத்துவர் சொன்ன மறுநாளே பப்பாளியையும் ஆரஞ்சையும் அடியோடு விட்டுவிடும் முதியோர் பலர். "பழத்தில் சர்க்கரை இருக்கிறதே" என்பது அவர்கள் கூறும் காரணம். ஆனால் காலையிலும் மாலையிலும் அருந்தும் தேநீரில் கெட்டிப்பால் மட்டும் குறைவதில்லை. அதே வீட்டில் பேரக் குழந்தையின் பள்ளிப் பையில் ஒரு பொட்டலப் பழச்சாறு இருக்கும். "பழம்தானே, அதில் இருப்பது இயற்கைச் சர்க்கரை" என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஒருவர் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறார்; மற்றவருக்கு எண்ணிப் பார்க்க வேண்டியது எண்ணாமலே கொடுக்கப்படுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடைபெறும் சுகாதார ஆய்வுகள் இந்தியச் சமூகத்தினரிடையே நீரிழிவு கூடுதலாகக் காணப்படுவதைத் தொடர்ந்து காட்டிவருகின்றன. ஆகவே இக்குழப்பம் நமக்குச் சிறிய செய்தி அன்று.

முதலில் வேதியியலைப் பார்ப்போம். பழங்களில் உள்ள சர்க்கரைகள் பெரும்பாலும் மூன்று: குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், இவ்விரண்டும் இணைந்த சுக்ரோஸ். நாம் கடையில் வாங்கும் வெள்ளைச் சீனி ஏறத்தாழ முழுவதும் சுக்ரோஸ்தான். அது குடலில் செரிக்கும்போது சரிபாதி குளுக்கோஸாகவும் சரிபாதி ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. ஃபிரக்டோஸைத் தமிழில் பழச்சர்க்கரை என்று சொல்லுவதும் உண்டு. அப்பெயரைக் கேட்பவர், பழத்தில் இருப்பது ஒரு தனிவகை என்றும் சீனியில் அது இல்லை என்றும் கருதிவிடுகிறார். உண்மையில் மாம்பழத்தில் இருக்கும் சுக்ரோஸுக்கும் கரும்பிலிருந்து பிழிந்த சுக்ரோஸுக்கும் மூலக்கூறு அளவில் எந்த வேறுபாடும் இல்லை. தேனும் வெல்லமும் கருப்பட்டியும் இக்கணக்கிலிருந்து தப்புவதில்லை. குருதியில் கலந்த பின்னர், எந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று உடல் ஆராய்வதில்லை.

அப்படியானால் பழமும் சீனியும் ஒன்றுதானா என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வி. 1977ஆம் ஆண்டு பிரிட்டனின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஓர் எளிய சோதனை அதற்கு விடை தருகிறது. அவர்கள் உடல்நலமுள்ள பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று வடிவங்களில் கொடுத்தார்கள்: முழுப்பழம், மசித்த கூழ், நார் நீக்கிய சாறு. மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றே, 60 கிராம். முழுப்பழத்தை உண்ண எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டால், சாற்றைப் பதினொரு மடங்கு விரைவாகக் குடித்து முடிக்க முடிந்தது. முழுப்பழம் உண்டவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு மிகுதியாக இருந்தது. கூழ் அதற்கு அடுத்த நிலையிலும் சாறு கடைசியிலும் நின்றன. குருதியில் குளுக்கோஸ் உயர்ந்த அளவு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆயினும் சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. உயர்ந்த குளுக்கோஸ் பின்னர் சடாரென்று தாழ்ந்தது. முழுப்பழத்தை உண்டபோது அத்தகைய வீழ்ச்சி தோன்றவில்லை.

ஒரே பழம், ஒரே அளவு மாவுச்சத்து. எனினும் உடல் நடந்துகொண்ட முறை வேறு. காரணம் பழத்தின் கட்டமைப்பில் உள்ளது. பழத்தின் சர்க்கரை கோடிக்கணக்கான உயிரணுக்களுக்குள் நீரில் கரைந்து நிற்கிறது. அந்த உயிரணுக்களின் சுவர்களே நாம் நார்ச்சத்து என்று சொல்லும் பொருளின் பெரும்பகுதி. பல்லால் மென்று, வயிற்றில் பிசைந்து, குடலில் சிறிது சிறிதாகத்தான் அச்சர்க்கரை வெளிவருகிறது. மெல்லும் நேரத்தில் போதும் என்னும் உணர்வு தோன்ற இடம் கிடைக்கிறது. சாறு பிழியும் கருவி இவ்வேலை முழுவதையும் நமக்கு முன்பே செய்து முடித்துவிடுகிறது. சக்கை குப்பைத்தொட்டிக்குப் போகிறது. சர்க்கரையும் நீரும் குவளைக்கு வருகின்றன.

இவ்வேறுபாட்டைக் குறிக்க நமக்கு நல்ல சொற்கள் தேவை. 1989இல் பிரிட்டனின் வல்லுநர் குழு ஒன்று சர்க்கரையை இரு வகையாகப் பிரித்தது. உணவின் உயிரணுக்களுக்குள் அடங்கியிருப்பது ஒரு வகை. அவற்றிலிருந்து வெளியேறி நிற்பது மற்றொரு வகை. பாலில் உள்ள சர்க்கரையை மட்டும் அக்குழு தனியே வைத்துப் பார்த்தது. அகம், புறம் என்னும் பாகுபாட்டில் ஊறிய தமிழருக்கு இவ்வகைப்பாடு அயலானதன்று. உயிரணுவுக்குள் இருப்பதை அகச்சர்க்கரை என்றும் வெளியேறியதைப் புறச்சர்க்கரை என்றும் நாம் வழங்கலாம். ஆப்பிளைக் கடித்து உண்ணும்போது நாம் உண்பது அகச்சர்க்கரை. அதே ஆப்பிளைப் பிழிந்து குடிக்கும்போது அது புறச்சர்க்கரையாகிவிடுகிறது. 'இயற்கை' என்னும் அடைமொழி இவ்விரண்டுக்கும் பொருந்துவதால்தான் அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியும் இவ்வழியிலேயே செல்கிறது. உற்பத்தியாளரோ சமைப்பவரோ உண்பவரோ சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாகவே உள்ள சர்க்கரையையும் அது கட்டுப்படுத்த வேண்டிய கணக்கில் சேர்க்கிறது. முழுப்பழம், காய்கறி, பால் ஆகியவற்றில் உள்ளதை அக்கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரை ஒரு நாளைய ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மேலும் நன்மை என்றும் அது கூறுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும்.

இந்த 25 கிராமை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு குவளைச் சாற்றைப் பார்ப்போம். சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் சாற்றில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உண்டு. எனவே 250 மில்லிலிட்டர் குவளை ஒன்றே 25 கிராமை எட்டிவிடுகிறது. திராட்சைச் சாற்றில் சர்க்கரை இதனினும் மிகுதி. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று உறையில் அச்சிட்டிருப்பது உண்மையே. ஆனால் சர்க்கரை இல்லை என்று அதற்குப் பொருளன்று. மொழி கற்பிப்போர் வகுப்பறையில் எடுத்துக்காட்டத்தக்க வாக்கியம் இது.

அரசுகளும் இதை உணர்ந்துள்ளன. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடைகளில் அவ்வப்போது தயாரிக்கப்படும் பானங்களுக்கும் 'நியூட்ரி-கிரேட்' தரக்குறியீடு நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி' தரம். பழச்சாறு என்பதற்காக இதில் விலக்கு இல்லை. மலேசியா 2019 ஜூலை முதல் நாள் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தபோது, பொதுவான பானங்களுக்கு 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் என்றும், பழ, காய்கறிச் சாறுகளுக்கு 12 கிராம் என்றும் வரம்பு வகுத்தது. சாற்றுக்குச் சலுகை மிகுதியாயினும், சாறும் வரம்புக்கு உட்பட்டதே என்பதை அங்கும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சாறு விரைந்து செயல்படுகிறது என்பதற்கு மருத்துவமே மற்றொரு சான்று தருகிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குக் குருதிச் சர்க்கரை அபாயகரமாகக் குறையும்போது அரைக் குவளைப் பழச்சாறு கொடுக்கச் சொல்வது வழக்கம். அந்நேரத்தில் ஆப்பிளை நறுக்கிக் கொடுக்கச் சொல்வதில்லை. தாழ்ந்த சர்க்கரையை உடனே உயர்த்தும் அவ்விரைவு அப்போது உயிர் காக்கிறது. நாள்தோறும் உணவோடு பருகும்போது அதே விரைவு உடலுக்குச் சுமையாகிறது.

நீண்டகால ஆய்வுகளும் இதற்கு இசைவாகவே உள்ளன. அமெரிக்காவில் ஏறத்தாழ 187,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த மூன்று ஆய்வுகளின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. முழுப்பழங்களை, குறிப்பாக அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை, மிகுதியாக உண்டவர்களிடம் நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு மிகுதியாகக் குடித்தவர்களிடம் அது கூடுதலாகவும் காணப்பட்டது. சீனாவில் ஏறத்தாழ 500,000 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. அங்கும் நீரிழிவு உள்ளவர்களில் பழத்தை அறவே தவிர்ப்போர் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தார்கள். நம் வீட்டு முதியோரின் அச்சம் அங்கும் உண்டு போலும்! ஆனால் நீரிழிவு இருந்தும் புதிய பழங்களை அடிக்கடி உண்டவர்களிடையே இறப்பும் குருதிக்குழாய்ச் சிக்கல்களும் குறைவாக இருந்தன. இத்தகைய ஆய்வுகள் தொடர்பைக் காட்டுவன. காரணத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவன அல்ல. பழம் உண்போர் பிற பழக்கங்களிலும் கவனமுடையோராக இருக்கலாம். ஆயினும் பழத்துக்கு அஞ்சி ஒதுங்குவதற்கு இவற்றில் ஆதாரம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் பழத்தை அளவின்றி உண்ணலாமா? கூடாது. அகச்சர்க்கரைக்கும் ஆற்றல் உண்டு; ஒரு கிராமுக்கு 4 கலோரி என்பது அங்கும் மாறாது. 100 கிராம் தர்ப்பூசணியில் சுமார் 6 கிராம் சர்க்கரை, பப்பாளியில் 8, கொய்யாவில் 9, வாழையில் 12, மாம்பழத்தில் 14, திராட்சையில் 15 கிராமுக்கு மேல். தொலைக்காட்சி பார்த்தபடியே அரைக் கிலோ திராட்சையை உண்டு முடிப்பவர் 75 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரையை உட்கொண்டிருப்பார். அதே திராட்சை உலர்ந்தால் நீர் நீங்கி, 100 கிராமில் ஏறத்தாழ 60 கிராம் சர்க்கரையாகச் செறிந்துவிடுகிறது. பத்துத் திராட்சையை உண்ணும் நேரத்தில் ஒரு கைப்பிடி உலர்திராட்சை உள்ளே போய்விடும். நம் வட்டாரத்தின் டுரியான் பழத்தில் சர்க்கரையோடு கொழுப்பும் உண்டு. 100 கிராம் சதையில் ஏறக்குறைய 150 கலோரி. பருவக்காலத்தில் நண்பர்களோடு அமர்ந்து உண்போர் அதை உணவுக்குப் பின் உண்ணும் பழமாகக் கருதாமல், ஓர் உணவாகவே கருதுவது நன்று.

ஒருநாளைக்கு இரண்டு பங்கு பழம் என்பது சிங்கப்பூரில் தரப்படும் பொதுவான பரிந்துரை. ஒரு சிறிய ஆப்பிள், ஒரு கீற்றுப் பப்பாளி அல்லது பத்துத் திராட்சை, ஒரு பங்காகும். மலேசியாவின் 'சுக்கு-சுக்கு செபாரோ' முறையில் தட்டின் பாதி காய்கறிக்கும் பழத்துக்கும் உரியது. நீரிழிவு உள்ளவர் இவ்வளவையும் ஒரே வேளையில் உண்ணாமல் பிரித்து உண்பதும், தமக்கு உரிய அளவை மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டறிவதும் நலம். சிறுநீரக நோய் உள்ளோருக்குப் பழங்களில் தனிக் கட்டுப்பாடு உண்டு. நட்சத்திரப்பழம் அவர்களுக்கு நஞ்சாகவே முடியலாம்.

தொடக்கத்தில் சொன்ன வீட்டுக்கு மீண்டும் வருவோம். ஒரு கீற்றுப் பப்பாளியில் சுமார் 10 கிராம் சர்க்கரை, நார்ச்சத்தோடும் உயிர்ச்சத்தோடும் கூடியது. கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிய தேநீரில் அது மட்டுமே ஏறத்தாழ 20 கிராம். ஒரு நாளைக்கு இரண்டு குவளை என்றால் 40 கிராம். அந்தப் பாட்டி விட வேண்டியது எது, வைத்துக்கொள்ள வேண்டியது எது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பேரனுக்குப் பொட்டலச் சாற்றின் இடத்தில் ஒரு முழு ஆரஞ்சும் தண்ணீரும் போதும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பொட்டலங்களின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் சத்து விவரப் பட்டியலை மாணவர்கள் வாசித்துப் பொருள் கூறும் பயிற்சியாக மாற்றுங்கள். 'இயற்கை', 'தூய', 'சேர்க்கப்படாத' ஆகிய அடைமொழிகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று அவர்கள் தமிழிலேயே விவாதிக்கட்டும். மாணவர்களே, நீங்கள் கற்பதை வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் அவர்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவமனையில் கேட்ட அறிவுரையை விட, பேரப்பிள்ளை பொறுமையோடு சொல்லும் சொல் பல நேரங்களில் அவர்கள் நெஞ்சில் நிலைக்கும்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்பதையே பெரிதும் வலியுறுத்துகிறது. அளவோடு உண்பதற்கு, நாம் உண்பது இன்னதென்று அறிந்திருக்க வேண்டும். அறிவதற்குச் சொற்கள் தெளிவாக இருக்க வேண்டும். கனியைக் கனியாகவே உண்போம், அளவோடு உண்போம், அச்சமின்றி உண்போம்.