மதுரைக்கு ஆலை வந்ததேன்?

நமது மதுரை ரயிலடிக்குப் பக்கத்தில் ஆர்வி மில் 1892-ல் ஓடத் துவங்கிற்று. ஏன் இங்கே வந்தது என்றால் அம்மன் அருள் என்பார் சிலர். வெள்ளைக்காரன் மூளை என்பார் சிலர். அம்மன் பல நூறு வருஷமாய் இங்கேதானே இருக்கிறாள்? வெள்ளைக்காரனும் 1801-லேயே ஆட்சியைப் பிடித்துவிட்டானே!

திருமங்கலம், அருப்புக்கோட்டைக் கரிசலில் பருத்தி முன்பும் விளைந்தது. அது மாட்டு வண்டியில் தூத்துக்குடி போய்க் கப்பலேறும். சீமை நூல் வந்து நமது நெசவாளர் தறியிலேறும். ரயில் 1875-ல் மதுரைக்கும், மறுவருஷம் தூத்துக்குடிக்கும் வந்த பிறகே கனத்த இயந்திரங்கள் இங்கு வந்திறங்க வழியாயிற்று. 1876-78 தாது வருஷப் பஞ்சம் அடித்துப்போட்ட கிராமங்களிலிருந்து குறைந்த கூலிக்கு ஆளும் கிடைத்தது. பக்கத்தில் பருத்தி, பக்கத்தில் தறி, நடுவில் பசித்த வயிறு! ஆர்வி சகோதரர்களுக்கோ, பாபநாசத்தில் அருவித் தண்ணீரைக்கொண்டு 1885-ல் மில் ஓட்டிய அனுபவம் கையிலிருந்தது, கம்பெனி சேர்த்தார்கள்.

நம்மவரிடம் பணமில்லையா? இருந்தது. அது பர்மாவில் வட்டிக்கும், இங்கே நிலத்துக்கும் கோபுரத்துக்கும் போயிற்று. கருமுத்து தியாகராஜர் மீனாட்சி மில்லை ஆரம்பிக்கச் சுமார் 30 வருஷம் செல்லவேண்டியதாயிற்று. அந்த 30 வருஷத்து லாபம் யார் வீட்டுக்குப் போயிற்றென்று கணித்துச் சொல்ல எந்த ஜோசியரும் முன்வரவில்லை.