அரிசிக் காளான்தானா? பார்த்துப் பறிப்போம்

(மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இடி இடிச்சு மழை விட்டா, மறுநாள் காலையில் நாம் எல்லோரும் மேய்ச்சல் நிலத்தில்தான் நிற்போம். போன மழைக்கு எங்கள் குழுவில் இரண்டு பேர் ஒரு கூடை அரிசிக் காளான் கொண்டுவந்து, கூறு போட்டு விற்கலாம் என்றார்கள். முறத்தில் கொட்டிப் பார்த்தால் வேறொரு வெள்ளைக் காளானும் கலந்து கிடந்தது. விற்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். பறித்தவர்களுக்கு வருத்தம்தான்.

அரிசிக் காளான் ஒண்ணு ரெண்டா முளைக்காது. கரையான் மண்ணை வெளியே தள்ளிய இடத்தில் நூற்றுக்கணக்கில் கும்பலாக வரும். குடை பெரும்பாலும் ஒரு ரூபாய்க் காசு அளவுதான். நடுவில் சின்னதாக ஒரு முனை இருக்கும். குடைக்கு அடியில் உள்ள மடிப்பு முதலில் வெள்ளை, பிறகு லேசான ரோஸ். தண்டில் வளையம் கிடையாது, அடியில் பை போன்ற உறையும் கிடையாது.

ராத்திரி ஒரு சோதனை செய்யலாம். நாலைந்து காளானின் தண்டைக் கிள்ளிவிட்டு, மடிப்பு கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து டம்ளரால் மூடுங்கள். காலையில் தாளில் தூள் படிந்திருக்கும். அரிசிக் காளானுக்கு அது இளஞ்சிவப்பு. பழுப்போ பச்சையோ என்றால் அது அரிசிக் காளான் இல்லை. ஆனால் இளஞ்சிவப்புத் தூள் விழும் விஷக் காளானும் புல்வெளியில் உண்டு. அதனால் எல்லா அடையாளமும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

வெள்ளிக் காசு கறுக்கலைன்னா நல்லது, பூண்டு நிறம் மாறலைன்னா நல்லது, பூச்சி கடிச்சிருந்தா நல்லது என்பார்கள். மூன்றும் தப்பு. (வெள்ளிக் காசு இப்போ யார் வீட்டில் இருக்கு என்பது வேறு விஷயம்.) வேகவைத்தாலும் எல்லா விஷமும் போகாது.

சில காளான் இரண்டு மணி நேரத்துக்குள் வியர்வை, எச்சில், வாந்தி என்று காட்டிவிடும். உயிரை எடுப்பது தாமதமாகக் காட்டுகிற வகைதான். ராத்திரி சாப்பிட்டால் காலையில்தான் வயிற்றுப்போக்கு வரும். அப்புறம் நின்று, சரியாகிவிட்டது போலத் தெரியும். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். 'நின்னுடுச்சே' என்று வீட்டில் இருக்காதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள். மிச்சக் காளானையும் கையோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

எங்கள் குழுவில் தீர்மானம் எழுதிவிட்டோம்: சந்தேகமாக ஒன்று கிடைத்தாலும் மொத்தக் கூடையும் குழிக்குள். விற்பனைக்கு, வளர்த்த சிப்பிக் காளான் மட்டும்.