ஒரு பாட்டுக்கு இரு நாட்டு மக்கள் சொன்ன பதில்

(சங்கத்தின் மாதாந்தரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் ரேஷன் கார்டு, குடிநீர்க் குழாய், கான்டிராக்டர் பிடித்துக்கொண்ட கூலி இவற்றைப் பற்றித்தான் பேசுவோம். இன்று ஒரு பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி முடிந்த மறுநாள் காலையில் நம் குழாயடியில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நம் மொழிப் பிள்ளை தோற்றால், "ஏமாற்றிவிட்டார்கள்" என்று நாம் சொல்கிறோம். அவர்கள் மொழிப் பிள்ளை தோற்றால், பக்கத்து வீட்டு மராத்தியரும் எதிர்வீட்டு பீகாரியும் அதையேதான் சொல்கிறார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு ஒன்றாய் வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு பாட்டுக்காக முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஆகவே இது சங்கம் பேச வேண்டிய விஷயம்தான்.

ஐரோப்பாவில் யூரோவிஷன் என்று ஒரு பாட்டுப் போட்டி உண்டு. 1956ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளோடு தொடங்கியது. ஐரோப்பிய ஒலிபரப்பு நிலையங்கள் கூடி அமைத்த ஒன்றியம் இதை நடத்துகிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு. நடுவர் குழு ஒரு பக்கம் புள்ளி போடும்; தொலைக்காட்சி பார்க்கும் மக்கள் இன்னொரு பக்கம் தொலைபேசி மூலம் ஓட்டுப் போடுவார்கள். எந்த நாட்டு மக்களும் தங்கள் நாட்டுப் பாட்டுக்கே ஓட்டுப் போட முடியாது. பிறர் பாட்டுக்குத்தான் போட வேண்டும். அதிகபட்சப் புள்ளி 12, அடுத்தது 10.

இந்த விதியில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. இங்கிலாந்தில் கட்டட வேலை பார்க்கும் போலந்துக்காரர் இங்கிலாந்திலிருந்து ஓட்டுப் போடுகிறார். ஆகவே தன் சொந்த நாட்டுப் பாட்டுக்கு அவர் ஓட்டுப் போடலாம். 2016ஆம் ஆண்டு போலந்துப் பாட்டுக்கு எல்லா நாட்டு நடுவர்களும் சேர்ந்து போட்ட புள்ளி 7. எல்லா நாட்டு மக்களும் சேர்ந்து போட்ட புள்ளி 222! இந்த வித்தியாசம் முழுவதும் பிழைக்கப் போனவர்களால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஊர்விட்டுப் போனவர்களின் கை அதில் இருந்தது. நடுவர் காது வேறு, உழைப்பவன் காது வேறு என்பதற்கும் இது ஒரு சாட்சி.

எண்ணே தலைப்பான பாட்டு

அதே 2016ஆம் ஆண்டு, மே 14ஆம் தேதி, சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த இறுதிப் போட்டியைத்தான் நாம் இன்று பார்க்க வேண்டும். மொத்தம் 42 நாடுகள் அந்த ஆண்டு கலந்துகொண்டன. உக்ரைன் நாட்டின் சார்பில் ஜமாலா என்ற பெண் பாடினார். பாட்டின் தலைப்பு வெறும் ஓர் எண்: 1944. பாட்டின் பெரும்பகுதி ஆங்கிலம். பல்லவி மட்டும் கிரிமியத் தாத்தார் மொழி. அந்த மேடையில் அந்த மொழி ஒலித்தது அதுவே முதல் தடவை. அழியும் அபாயம் மிகுந்த மொழிகளில் ஒன்றாக யுனெஸ்கோ அதைக் குறித்து வைத்திருக்கிறது.

1944இல் என்ன நடந்தது? கிரிமியா என்பது கருங்கடலில் உள்ள ஒரு தீபகற்பம். அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் தாத்தார் மக்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடமிருந்து சோவியத் படை கிரிமியாவை மீட்டது. மீட்ட சில நாட்களிலேயே, தாத்தார் மக்கள் எதிரிக்கு உடந்தையாக இருந்தார்கள் என்று கூறி, மொத்த இனத்தையும் வெளியேற்ற உத்தரவு பிறந்தது. மே 18ஆம் தேதி விடியற்காலை சிப்பாய்கள் கதவைத் தட்டினார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளச் சில நிமிடங்கள். மூன்றே நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேரை ரயிலேற்றி, பெரும்பாலோரை உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பினார்கள். கிழவிகளும் கைக்குழந்தைகளுமா எதிரிக்கு உடந்தை? அந்த இனத்து இளைஞர்கள் பலர் அப்போது செஞ்சேனையிலேயே நின்று ஜெர்மானியரோடு போரிட்டுக் கொண்டிருந்தார்கள்!

தோழர்களே, ரயில்வேக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். எங்கள் புத்தகத்தில் மனிதருக்கு டிக்கெட், சரக்குக்கு ரசீது. கூட்ஸ் வண்டிக்கு ஜன்னல் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, கக்கூஸ் கிடையாது. ஏனென்றால் மூட்டைக்குத் தாகம் எடுக்காது. அந்த வண்டிகளில்தான் குடும்பம் குடும்பமாக அடைத்தார்கள். ஜமாலாவின் கொள்ளுப்பாட்டி ஐந்து குழந்தைகளோடு ஏற்றப்பட்டவர். ஒரு பெண் குழந்தை வழியிலேயே இறந்துபோனது. போய்ச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் பசியிலும் நோயிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஊர்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. 1980களின் இறுதியில்தான் அந்த மக்கள் பெருந்திரளாகத் திரும்ப முடிந்தது. ஜமாலா பிறந்ததே 1983இல் கிர்கீசியாவில்.

நம்மில் பலர் செங்கொடிக்கு மரியாதை செய்கிறவர்கள். ஹிட்லரை முறியடிக்க அந்த நாட்டு மக்கள் கொடுத்த உயிர்களுக்குத் தலைவணங்குகிறவர்கள். அதற்காக அந்த உத்தரவில் ஸ்டாலின் கையெழுத்து இருந்ததை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஓர் இனம் முழுவதையும் குற்றவாளி என்று சொல்வது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் அநியாயம்தான். "இந்த மொழிக்காரன் எல்லாம் இப்படித்தான்" என்று நம்மைப் பற்றி யாராவது சொன்னால் நமக்குச் சுருக்கென்று தைக்கிறதல்லவா? அந்தச் சொல்லுக்கு அதிகாரமும் துப்பாக்கியும் கிடைத்தால் அது 1944 ஆகிறது.

பாட்டா, அரசியலா?

பாட்டு அறிவிக்கப்பட்டதுமே ரஷ்யாவில் எதிர்ப்பு எழுந்தது. 2014இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. "இது அரசியல் பாட்டு, போட்டியின் விதிக்கு விரோதம்" என்றார்கள் அங்குள்ள அரசியல்வாதிகள். அரசியல் வாசகம் கூடாது என்ற விதி இருப்பது உண்மைதான். 2009இல் மாஸ்கோவில் போட்டி நடந்தபோது, ரஷ்யத் தலைவர் பெயரைச் சிலேடையாக வைத்த ஜார்ஜியா நாட்டுப் பாட்டைத் திருத்தச் சொன்னார்கள். ஜார்ஜியா மறுத்துப் போட்டியிலிருந்தே விலகியது. ஆனால் ஜமாலாவின் பாட்டை ஆராய்ந்த ஒன்றியம், தலைப்பிலும் வரிகளிலும் அரசியல் இல்லை என்று 2016 மார்ச்சில் முடிவு சொன்னது.

நாம் என்ன சொல்கிறோம்? அரசியல் இல்லை என்பது பாதி உண்மைதான். ஒரு பேத்தி தன் பாட்டி பட்ட பாட்டைப் பாடுகிறாள். அது குடும்பக் கதை. அந்தக் குடும்பத்தை ரயிலேற்றியது அரசு. அப்படியானால் அரசியலைக் கொண்டுவந்தது யார்? பாடியவளா, ரயிலேற்றியவர்களா? அடித்தவன் செய்தது நிர்வாகம், அழுதவள் செய்தது அரசியல் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

சரி, கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? இதுதான் முக்கியம். ரஷ்ய நடுவர்கள் உக்ரைன் பாட்டுக்குப் போட்ட புள்ளி பூஜ்யம். உக்ரைன் நடுவர்கள் ரஷ்யப் பாட்டுக்குப் போட்டதும் பூஜ்யம். கணக்கு நேராகிவிட்டது! ஆனால் ரஷ்ய மக்கள், தங்கள் அரசியல்வாதிகள் பழித்த அதே உக்ரைன் பாட்டுக்குத் தொலைபேசியில் 10 புள்ளி கொடுத்தார்கள். உக்ரைன் மக்களோ, தங்கள் மண்ணின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்ட நாட்டின் பாடகர் செர்கெய் லாசரெவுக்கு முழு 12 புள்ளியும் கொடுத்தார்கள்!

இதைச் சமாதானத்துக்காகப் போட்ட ஓட்டு என்று நாம் கதை கட்ட வேண்டாம். பிடித்த பாட்டுக்குப் போட்டார்கள், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டவர்கள். கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள். மேலே பகை மூட்டியும் கீழே அந்தப் பழக்கம் அறுந்துவிடவில்லை. அந்த இரவில் இரு நாட்டு மக்களின் விரல்கள் அதைத்தான் சொல்லின.

தோற்றவர்களின் கோபம்

மொத்தம் 534 புள்ளிகளோடு உக்ரைன் வென்றது. 511 பெற்ற ஆஸ்திரேலியா இரண்டாம் இடம். 491 பெற்ற ரஷ்யா மூன்றாம் இடம். ரஷ்ய ரசிகர்கள் கொதித்தார்கள். முடிவை மாற்றக் கோரி மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் கோபத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. மக்கள் ஓட்டில் முதலிடம் ரஷ்யாவுக்கு: 361. உக்ரைனுக்கு 323. நடுவர் புள்ளியில் முதலிடம் ஆஸ்திரேலியாவுக்கு: 320. உக்ரைனுக்கு 211, ரஷ்யாவுக்கு 130. ஆக, இரண்டு பட்டியலிலும் இரண்டாவதாக வந்தவர் கூட்டுத்தொகையில் முதலாவதாக வந்தார். கூட்டிப் பாருங்கள், கணக்கில் தவறில்லை. விதியும் போட்டிக்கு முன்பே சொல்லப்பட்டதுதான். விதி பிடிக்கவில்லையென்றால் விதியை மாற்றப் போராட வேண்டும். பாடியவரைத் தூற்றக் கூடாது. குழாயடியில் சண்டை போடும் நம் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நாம் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம். கைதட்டல் வீட்டைத் திருப்பித் தராது. அந்த வெற்றிக்கு மூன்று வாரம் முன்பு, 2016 ஏப்ரலில், தாத்தார் மக்களின் பிரதிநிதி சபையான மெஜ்லிஸைக் கிரிமியாவிலிருந்த ரஷ்ய நிர்வாகத்தின் நீதிமன்றம் தடை செய்தது. ஜமாலா கோப்பை வாங்கியதால் அந்தத் தடை நீங்கவில்லை. 2017இல் போட்டி கீவ் நகரில் நடந்தபோது, உக்ரைன் அனுமதியின்றிக் கிரிமியா போய்ப் பாடியவர் என்று கூறி, ரஷ்யா அனுப்பவிருந்த யூலியா சமோய்லோவா என்ற பாடகியை உக்ரைன் உள்ளே விடவில்லை. சக்கர நாற்காலியில் வாழும் பெண் அவர். இரு பக்கத்து அரசுகளும் பாடகர்களைக் காய்களாக நகர்த்தின.

2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யப் படை உக்ரைன் மீது முழுப் போர் தொடுத்தது. மறுநாளே ரஷ்யா போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. அந்த மே மாதம் உக்ரைன் மறுபடி வென்றது. மக்கள் ஓட்டில் மட்டும் 439 புள்ளிகள்! ஐரோப்பிய மக்களின் மனம் அதில் தெரிந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் ரஷ்ய மக்களுக்கு ஒரு வரி இல்லை. 2016இல் 12 என்றும் 10 என்றும் பேசிக்கொண்ட விரல்களில் எத்தனை இப்போது துப்பாக்கி விசையில் இருக்கின்றனவோ! குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜமாலாவும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பாட்டியின் கதை பேத்திக்கும் வந்தது. 2023இல் ரஷ்ய அரசு அவரைத் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது.

அப்படியானால் அந்தப் பாட்டால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அதன் தலைப்பு வெறும் எண்ணாக இருந்ததால், "அந்த ஆண்டு என்ன நடந்தது?" என்று கேட்காமல் யாரும் அதைக் கடந்து போக முடியவில்லை. 72 ஆண்டுகள் கழித்து, கோடிக்கணக்கான வீடுகளில் அந்தக் கேள்வி எழுந்தது. ஒரு மக்களின் பெயரையே குடிக்கணக்கிலிருந்து எடுத்தவர்களுக்கு அந்தக் கேள்வியே ஒரு பதில். மற்றதைப் பாட்டு செய்யாது, அமைப்புதான் செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

நம்மை யாரும் துப்பாக்கி முனையில் ரயிலேற்றவில்லை. மழை பொய்த்தும், கடன் ஏறியும், வேலை இல்லாமலும் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் நாம். அந்த மக்களின் துயரத்தோடு நம் துயரத்தைச் சமமாக வைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் ஒரு பாடம் நமக்கும் பொருந்தும். சென்ற ஆண்டு விழாவுக்குப் பணம் கொடுத்த ஒருவர், குடிசை இடிப்பைப் பற்றி நம் பெண்கள் கட்டிய பாட்டை எடுத்துவிடச் சொன்னார். "சினிமாப் பாட்டு போதும், அரசியல் வேண்டாம்" என்றார். இடிந்த வீட்டைப் பாடினால் அரசியலாம்! இந்த ஆண்டு அந்தப் பாட்டு மேடையேற வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பந்தல் செலவு குறைந்தால் குறையட்டும். வீட்டுக்கு வீடு உண்டியல் வரும், முடிந்ததைப் போடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆத்தாளும் அப்பத்தாவும் நடவிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பாடியதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லித் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகளை ஞாயிறு காலை வகுப்புக்கு அனுப்புங்கள். விழாவில் மராத்தியரையும் பீகாரிகளையும் அவர்கள் ஊர்ப் பாட்டைப் பாட அழைக்கப் போகிறோம். அவர்கள் பாடும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்து கேளுங்கள். நம் பாட்டின் பொருளை அவர்களுக்கு இந்தியில் சொல்ல நாலு பிள்ளைகள் தேவை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.