நடப்பதற்கு ஒரு கரை



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் ஆய்வாளர்கள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலான ஆண்டுகள் காசாளராகவே இருந்தேன். என்னை எதற்கு அழைக்கிறீர்கள் என்று, முன்னாள் மாணவர்கள் நிறுவிய இந்த அறக்கட்டளையின் செயலாளரிடம் கேட்டேன். “சார் உங்களைப் பற்றி அடிக்கடி சொல்வார்” என்றார். இன்று யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தப் பேராசிரியர்தான் அந்தச் ‘சார்’. உங்களில் மூத்தவர்களுக்கு அவர் வகுப்பறை ஆசிரியர். எனக்கு, மாதத்தின் முதல் வாரத்தில் ஓய்வூதியம் வாங்கக் கவுண்டருக்கு வரும் மனிதர்.

1997இல் ஒரு நாள், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நான் கொட்டாவி விட்டதைப் பார்த்துவிட்டார்.

“என்ன, ராத்திரி தூங்கலையா?”

“தூக்கமே வர்றதில்லை, சார்.”

“நல்லதாப் போச்சு. தூங்காத ஆளுங்கதான் எங்களுக்கு வேணும். வெள்ளிக்கிழமை ராத்திரி நீலாங்கரைக்கு வாங்க.”

எனக்குக் கடன் இல்லை, நோய் இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை. அப்போது வயது முப்பத்தேழு. மறுநாள் காலையில் எழுந்து செய்யப்போவது எல்லாம் முந்தைய நாள் செய்ததுதான் என்ற நினைப்பு இரவு பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், விடியும்வரை போகாது. அதற்கு மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார், நண்பர் ஒருவர் தியான வகுப்புக்குக் கூப்பிட்டார், சார் ஆமை பார்க்கக் கூப்பிட்டார்.

முதல் இரவு

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கரையோரமாக ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். பிப்ரவரி மாதம். கல்லூரி மாணவர்கள் ஐந்தாறு பேர் முன்னே போனார்கள். கையில் டார்ச் இருந்தும் யாரும் அடிக்கவில்லை. கரையேற வரும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும் என்றார்கள். இருட்டில் நடக்கக் கண் பழகக் கால் மணி நேரம் பிடித்தது. முதல் மூன்று கிலோமீட்டரில் கண்டது வலைக் குவியல்களும், படகு நிழலில் படுத்திருந்த நாய்களும்தான். இதற்கா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தோம் என்று நினைத்தேன். பிறகுதான், கெடுக்க என்னிடம் தூக்கமே இல்லையே என்பது நினைவுக்கு வந்தது.

திடீரென்று முன்னே போன பெண் நின்றாள். ஈர மணலில் சின்ன டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து, மேட்டில் ஒரு வட்டம் போட்டு, மீண்டும் கடலுக்குள் இறங்கிப் போனதுபோலத் தடம். ஆமை போய்விட்டது. மேட்டில் மணல் கலைந்திருந்த இடத்தில் அவள் ஒரு கம்பை மெல்ல ஊன்றினாள். இறங்கவில்லை. ஒரு சாண் தள்ளி ஊன்றினாள், அங்கும் கெட்டி. மூன்றாவது இடத்தில் கம்பு பொதுக்கென்று உள்ளே போனது. கம்பை உடனே எடுத்துப் போட்டுவிட்டுக் கையால் தோண்டத் தொடங்கினாள். முழங்கை மறைந்தது, பிறகு படுத்துக்கொண்டு தோள்வரை கையை விட்டாள். குடம்போல வாய் குறுகி வயிறு அகன்ற குழி. பின்துடுப்புகளால், திரும்பிப் பார்க்காமலேயே, அந்தத் தாய் ஆமை அதைத் தோண்டியிருக்கிறது.

முதல் முட்டை வெளியே வந்தது. டேபிள் டென்னிஸ் பந்தின் அளவு, அதே வெண்மை. கோழி முட்டைபோல ஓடு கிடையாது. தோல்போல விரல் பட்டால் லேசாகக் குழிகிறது. என்னைப் பார்த்து அந்தப் பெண், “அங்கிள், நீங்கதானே கேஷியர்? எண்ணுங்க” என்றாள்.

எண்ணினேன். நூற்றுப் பதினேழு. பகலெல்லாம் நோட்டுக்கட்டை விசிறிபோலப் பிரித்து எண்ணுகிற விரல்கள், ஒவ்வொரு முட்டையாக, உருட்டாமல், மேல்பக்கம் கீழாகிவிடாமல், அந்தக் குழியின் ஈர மணல் பரப்பிய துணிப்பையில் வைத்தன. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் கருவானது உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு புரட்டினால் செத்துவிடும். அன்றைக்கு நான் எண்ணியதை மறுபடி எண்ணிச் சரிபார்க்க யாருமில்லை. விடியற்காலை வீட்டுக்குப் போய்ப் படுத்தவன், ஒன்பது மணிக்கு மனைவி எழுப்பும்வரை தூங்கினேன்.

கணக்கு நேராகாத வேலை

சென்னைக் கரைக்கு வருவது பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை அதன் காலம். ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் லட்சக்கணக்கில் திரண்டு வந்து முட்டையிடும் இனம்தான் இது. இங்கே தனித்தனியாக வரும். ஒரு குழியில் நூற்றுச் சொச்சம் முட்டை. இட்டு மூடி, தன் உடம்பாலேயே மணலைத் தட்டிக் கெட்டித்துவிட்டுப் போகும் தாய் திரும்பி வராது. பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது: சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பூமி சூடாகிறது என்கிறோமே, அதன் கணக்கு ஒன்றரை அடி ஆழத்தில் இப்படியும் எழுதப்படுகிறது.

நாய், நரி, மனிதர் எல்லாருக்கும் அந்தக் குழி தெரியும். அதனால் முட்டைகளைக் கொண்டுபோய், கரையிலேயே வேலியடைத்த பொரிப்பகத்தில், அதே ஆழத்தில் அதே வடிவில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். தேதியும் எண்ணிக்கையும் எழுதிய அட்டை ஒன்று குச்சியில் நிற்கும். நாள் நெருங்கியதும் மேலே கூடையைக் கவிழ்ப்பார்கள். எங்கள் முதல் குழி பொரித்த அன்று சார் எனக்கு வங்கிக்கே தொலைபேசி செய்தார். மாலை போய் நின்றேன். கூடைக்குள் மணல் கொதிப்பதுபோல் அசைந்தது. அரை உள்ளங்கை அளவில் கருத்த குஞ்சுகள். அவற்றை நீரில் தூக்கிப் போடவில்லை. சில அடி தள்ளி மணலில் விட்டார்கள். அவையே நடந்து போகவேண்டும். பிறந்த இடத்தின் காந்தப்புலம் அவற்றுள் பதிகிறது என்றும், பெண் ஆமைகள் அதை வைத்துப் பிற்காலத்தில் ஊர் திரும்புவதாகக் கருதுகிறார்கள் என்றும் சார் விளக்கினார்.

பிறகு குழியைத் தோண்டி வெற்றுத் தோல்களை எண்ணினோம். தொண்ணூற்றெட்டு. பத்தொன்பது பொரிக்கவில்லை. வங்கியில் மாலை கணக்கு ஒரு ரூபாய் இடித்தாலும் நாற்காலியை விட்டு எழ முடியாது. “இதை எப்படி சார் நேர் செய்வது?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “கடலுக்குப் போனதுல ஆயிரத்துக்கு ஒண்ணு பெரிசானா அதிகம். அதுவும் முட்டையிட வர பத்து பதினைஞ்சு வருஷம் ஆகும். உங்க தொண்ணூத்தெட்டுல ஒண்ணு கூட வராம போகலாம். வந்தாலும் அது உங்களுதுன்னு தெரியாது.”

என் வாழ்க்கையில் கேட்ட மிகவும் ஆறுதலான சொல் அதுதான். அன்றுவரை எதைச் செய்தாலும் அன்றே பலன் தெரியவேண்டும், இல்லையேல் அது வீண் என்று பழகியிருந்தேன். மாதச் சம்பளமும் பதவி உயர்வும் மகனின் மதிப்பெண்ணும் எல்லாம் உடனே தெரியும் கணக்குகள். முடிவு என் கண்ணுக்குத் தெரியவே போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்ட வேலையில்தான் எனக்கு மனம் ஒட்டியது. தெரியாததை நினைத்துக் கவலைப்பட வழியில்லை. எண்ண வேண்டியதைச் சரியாக எண்ணினால் போதும்.

எனக்கு முன் நடந்தவர்கள்

இந்தக் கரையில் இரவு நடை 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. ராமுலஸ் விட்டேகர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சுற்றிச் சேர்ந்த இளைஞர்கள் தொடங்கிவைத்தார்கள். அவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்து, படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவர். இந்தியாவின் கடற்கரைகளையும் லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் பெரும்பாலும் தனியாகக் கால்நடையாக அளந்து, எங்கே எந்த ஆமை முட்டையிடுகிறது என்று எழுதிவைத்தார். 1982இல், மழைக்காலத்தில் படகு எட்டிப்பார்க்காத, ஆளில்லாத சுஹேலித் தீவில் பேராமைகளைக் கணக்கெடுக்க மாதக்கணக்கில் தனியே தங்கினார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அந்த மனிதர் அதை அஞ்சலில் சேர்த்தார். கடிதம் வீடு போய்ச் சேர்ந்தது. 2023இல் சதீஷ் பாஸ்கர் காலமானார்.

அந்த மீனவரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கரையில் கிடைத்த பாட்டிலுக்காக எதையும் செய்ய அவருக்குக் கடமையில்லை. எடுத்தார், பார்த்தார், தபால்தலை ஒட்டினார். யாருடையதோ ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நாங்கள் முட்டைப்பையோடு செய்வதும்.

பின்னாளில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் பொரிப்பகம் நடத்தின. 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கி வேலையைக் கையில் எடுத்தார்கள். ஆண்டுதோறும் படிப்பு முடிந்து சிலர் போவார்கள், புதியவர்கள் வருவார்கள், நடை மட்டும் நிற்கவில்லை. மீனவக் குப்பங்களின் இளைஞர்களும் பல இடங்களில் காவலுக்கு வந்தார்கள். முட்டை எங்கே இருக்கும் என்பது அவர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. நாங்கள் கம்பு ஊன்றித் தேடும் இடத்தைக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் காலால் மிதித்தே காட்டுவார்: “இங்க தம்பி, மணலு பேசுது பாரு.”

விளக்கும் இறாலும்

குஞ்சுகள் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். ஊர் இல்லாத காலத்தில் இரவில் வெளிச்சமாக இருந்தது கடல்தான். இப்போது தெருவிளக்கும் அடுக்குமாடியும் கடலைவிடப் பிரகாசம். ஒரு வருடம், எங்கள் கண்ணுக்குத் தப்பிய குழி ஒன்றின் குஞ்சுகள் சாலைக்கு ஏறிப் போயிருந்தன. காலையில் தார்ச்சாலையில் பார்த்ததை இந்த மேடையில் சொல்ல வேண்டாம். அந்த வெளிச்சம் ஒரு குடியிருப்பின் மொட்டைமாடி விளக்கு. காவலாளியிடம் கேட்டேன். “நான் அணைக்கிறேன் சார், செக்ரட்டரி கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா?” என்றார். செயலாளரைப் பார்க்க மூன்று ஞாயிறு போனேன். நான்காவது ஞாயிறு விளக்கு அணைந்தது. அதன் பிறகுதான் என் வீட்டுப் பால்கனி விளக்கு கண்ணில் பட்டது. அடுத்தவர் வீட்டு விளக்குக்கு மூன்று ஞாயிறு நடந்தவன், என் வீட்டு விளக்கை அதுவரை நினைத்தே பார்க்கவில்லை.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவை மடியில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகும். முட்டையிடும் காலத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடி போடக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆமை தப்பிப் போக வலையில் வழி வைக்கும் கருவியும் இருக்கிறது. விதியை மீறுபவர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று ஞாயிறு, சமையலறையில் இறால் தொக்கு. இழுவைமடி முதன்மையாகத் தேடிப் போவது இறாலைத்தான். படகுக்காரர் என் தட்டுக்காகத்தான் அங்கே போகிறார். அன்றிலிருந்து ஜனவரி முதல் ஏப்ரல் வரை எங்கள் வீட்டில் இறால் இல்லை. இதனால் ஒரு ஆமை பிழைத்திருக்குமா? கணக்கில் வராது. ஆனால் இரவில் ஒரு ஆளாகவும் மதியச் சாப்பாட்டில் வேறொரு ஆளாகவும் இருப்பது நின்றது. சூழலைக் காக்கும் வாழ்க்கை என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, எனக்குத் தெரிந்து அது இவ்வளவுதான்: ஒரு இடத்தில் ஒன்றைக் காக்கத் தொடங்கினால், அது உங்களை விடாமல் வீடுவரை பின்தொடர்ந்து வரும்.

காலியாக இருந்த இடம்

சார் ஒருமுறை அகநானூற்றின் 160ஆம் பாட்டைப் படிக்கச் சொன்னார். நிறைசூல் ஆமை மணலில் முட்டையை மறைத்துவைத்துவிட்டுப் போகிறது. குஞ்சாகும்வரை ஆண் ஆமை அதைக் காத்து நிற்கிறது என்கிறது அந்தப் பாட்டு. முட்டையின் உருண்டை வடிவமும் அதன் புலால் நாற்றமும்கூடச் சரியாக வருகின்றன. கவிஞர் கரையில் குனிந்து பார்த்தவர்தான். ஆனால் ஆண் ஆமை கரையேறுவதே இல்லை. முட்டையை யாரும் காப்பதில்லை.

“தப்பா எழுதிட்டாங்களா சார்?” என்று கேட்டேன்.

“தப்புன்னும் சொல்லலாம். இவ்வளவு முட்டையை இப்படி விட்டுட்டுப் போக மனசு வராம, ஒரு காவல்காரனை அவங்களே நிறுத்திட்டாங்கன்னும் சொல்லலாம். ரெண்டாயிரம் வருஷமா அந்த வேலைக்கு ஆள் எடுக்கலை. நீங்கதான் சேர்ந்திருக்கீங்க.”

மாணவர்களே, வாழ்க்கைக்கு ஒரு பொருள் வேண்டும் என்று உங்களில் பலர் இந்த வயதிலேயே தேடத் தொடங்கியிருப்பீர்கள். நான் முப்பத்தேழு வயதுவரை உட்கார்ந்து யோசித்தேன், கிடைக்கவில்லை. ஏழு கிலோமீட்டர் நீளமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள ஓர் இடம் கிடைத்தபோது யோசனை தானாக நின்றது. உங்களுக்கு அது கடற்கரையாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவின் குளமாக இருக்கலாம், ஊர் எல்லையின் ஓடையாக இருக்கலாம். அளவு சிறியதாக, காலால் நடந்து முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். அங்கே காவல் இல்லாமல் ஏதாவது ஒன்று கிடக்கும்.

சார் கடைசியாக நடந்த இரவில் முழங்கால் வலியால் திருவான்மியூர் வரைதான் வந்தார். மணலில் உட்கார்ந்துகொண்டு, “நீங்க போய்ட்டு வாங்க, எண்ணிக்கையைச் சொல்லுங்க” என்றார். அன்று ஒரு குழி, நூற்று நான்கு. திரும்பி வந்து சொன்னேன். சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பேட்டை அவர் குடும்பத்தார் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுத இன்னும் பக்கம் இருக்கிறது. வரும் ஜனவரியில் முதல் வெள்ளிக்கிழமை இரவு நான் நீலாங்கரையில் இருப்பேன். தூக்கம் வராதவர்கள் வரலாம்.