பல்லாங்குழி சொல்லும் பல்லுலகம்

பள்ளிகளில் மாறுவேடப் போட்டி என்றொரு நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடைபெறுகிறது. உலகப் பண்பாடுகளைச் சிறுவர்க்கு அறிமுகம் செய்தலே நோக்கம் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருப்பர். ஒரு சிறுமி ஜப்பானிய அங்கி அணிந்து மேடையேறுவாள். ஒரு சிறுவன் தலையில் இறகு சூடி அமெரிக்கப் பழங்குடியினன் ஆவான். மற்றொருவன் முகத்திற் கரி பூசிக்கொண்டு ஆப்பிரிக்கன் எனப்படுவான். மூன்று தொடர்களை ஒப்பித்துவிட்டு இறங்குவர், பெற்றோர் படம் எடுப்பர், கைதட்டல் எழும். அங்கிக்குள் நின்ற பிள்ளை ஜப்பானைப் பற்றி எதனை அறிந்தது? அங்கி கழுத்தில் உறுத்தும் என்பதனை அறிந்தது. கரி பூசப்பெற்ற பிள்ளையோ அறியாமையினும் கொடிய ஒன்றனைக் கற்றுக்கொண்டது. ஒரு பெருநிலத்து மக்கள் அனைவரையும் ஒரு நிறமாகச் சுருக்கிவிடலாம் என்பதே அது.

பிற நாட்டார் தோற்றத்தைப் பூணுதல் எளிது. அவர்தம் நெறிக்குச் சிறிது பொழுதேனும் கட்டுப்பட்டு நடத்தல் அரிது. அவ்வரிய செயலைச் சிறுவர் மகிழ்ந்து செய்யும் இடம் விளையாட்டு ஒன்றுதான். அயலார் ஆட்டத்தை ஆட அமர்ந்த பிள்ளை அவர் வகுத்த விதியை ஏற்கிறது. அவ்விதியின்படித் தோற்கவும் உடன்படுகிறது. 'எங்கள் வீட்டில் இப்படி ஆட மாட்டோமே' என்று முதலில் முறையிடும், பிறகு ஆடும். அம்முறையீட்டுக்கும் ஆட்டத்துக்கும் இடையில் நிகழ்வதே பண்பாட்டுக் கல்வி.

விளையாட்டினைச் சிறுமையாகக் கருதும் வழக்கம் தமிழ் மரபில் இல்லை. உவகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் ஒன்றாக விளையாட்டினை மெய்ப்பாட்டியலில் வைத்தார் தொல்காப்பியர். சங்கப் பாடல்களில் மகளிர் மணலிற் சிற்றில் இழைப்பர்; கழங்காடுவர். பிள்ளைத்தமிழ் சிற்றிலையும் சிறுபறையையும் சிறுதேரையும், அம்மானையையும் ஊசலையும் பருவங்களாக்கித் தெய்வங்களையே தெருவில் ஆடவைத்தது. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1954இல் தமிழ்நாட்டு விளையாட்டுக்களுக்கெனத் தனிநூலே யாத்தார். வேர்ச்சொல் ஆய்விலேயே வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் பிள்ளைகளின் ஆட்டங்களை நாடியதில் வியப்பதற்கு ஏதுமில்லை. அகராதி எட்டாத சொற்கள் பல ஆட்டக்களத்தில்தான் வாழ்கின்றன.

பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளலாம். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ மஞ்சாடியோ காய்கள். ஒரு குழியிலுள்ளவற்றை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் செல்லுதலும், வெற்றுக் குழி வந்தால் அதனைத் துடைத்து அடுத்த குழியை அள்ளுதலும் இந்த அவையில் அமர்ந்துள்ள தாய்மார் அனைவரும் அறிந்தவை. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதற்குப் பெயர் 'பசு'. குழிக்குரியவர் அதனை எடுத்துக்கொள்வார். நான்கு கால் உடைமையாற் பசுவா, செல்வத்துக்கு மாடு என்றே பெயர் வைத்த மொழி ஆதலாற் பசுவா என்று எண்ணிப் பார்த்தல் சுவை பயக்கும். ஆட்டத்தில் நொடித்து நான்கைந்து காய்களே எஞ்சி நிற்பவர் குழிக்கு ஒன்றாக இட்டு ஆடுவதைச் சில ஊர்களிற் 'கஞ்சி காய்ச்சுதல்' என்பர். பசுவில் தொடங்கிக் கஞ்சியில் முடிகிறது ஓர் உழவர் குடியின் கதை. அதனைப் பாட்டி எந்தப் பிள்ளைக்கும் பாடமாக நடத்தவில்லை. பிள்ளை ஆடியே அறிந்தது.

இக்குழியாட்டம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று என்பது பலர் அறியாதது. இலங்கையிற் சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் 'ஒலிந்த கெளிய' ஆடுவர். ஒலிந்த என்பது குன்றிமணி. அங்கும் வரிசைக்கு ஏழு குழிகளே. ஒரே தீவில் இரு மொழியினர் ஒரே குழியில் வெவ்வேறு விதைகளை இட்டு ஆடி வந்திருக்கின்றனர் என்னும் ஒரு செய்தி, நல்லிணக்கம் பற்றி எழுதப்பெறும் கட்டுரைகள் பலவற்றினும் விரைவாக ஒரு பிள்ளைக்கு விளங்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் ஆடப்பெறும் 'சொங்காக்' படகு வடிவப் பலகையில் அமைந்தது. சிறு குழிகளை மலாய் மொழியில் 'கம்போங்' என்பர், அஃதாவது சிற்றூர். இரு முனையிலும் உள்ள பெருங்குழியோ 'ருமா', வீடு. ஊர் ஊராக ஒரு விதையை வைத்துச் சென்று தன் வீட்டிலும் ஒன்றை இடுவது அந்த ஆட்டத்தின் நடை.

வடக்கே செல்லச் செல்லச் சொற்கள் மாறுகின்றன. கசகஸ்தானில் இவ்வாட்டத்துக்கு 'தொகுஸ் குமலாக்' என்று பெயர். வரிசைக்கு ஒன்பது குழி, குழிக்கு ஒன்பது காய், ஆக 162 காய்கள். பெயரின் முதற்சொல் ஒன்பதைக் குறிக்கும். இரண்டாம் சொல்லுக்கு ஆட்டுப் புழுக்கை என்று பொருள்! மந்தையின் பின் செல்லும் இடையர்க்குக் கைக்கு எட்டிய காய் அதுதானே. வென்ற காய்களைச் சேர்க்கும் பெருங்குழியை அவர்கள் 'கசான்', கொப்பரை என்பர். பசுவைச் சேர்க்கும் தமிழ்ப் பாட்டியும் கொப்பரையை நிரப்பும் புல்வெளி இடையனும் ஓர் ஆட்டத்தையே ஆடுகின்றனர். ஆயினும் அவர்கள் கண்முன் விரியும் உலகம் வேறு. கசகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஆகிய மூன்று நாட்டு மரபுகளையும் இணைத்து 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது.

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலும் சான்சிபார்த் தீவிலும் சுவாகிலி மொழியினர் ஆடும் 'பாவோ' இவ்வகையுள் மிகக் கடுமையானது. நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, 64 விதை. எதிரியின் காயைக் கைப்பற்றுதலை அவர்கள் 'உண்ணுதல்' என்பர். ஆடுபவர் முறை முடிந்தால் அவர் 'உறங்கினார்' என்பர். தாயத்தில் தமிழ்ப் பிள்ளைகள் காயை 'வெட்டுவர்'. வீடு சேர்ந்த காயைப் 'பழம்' என்பர். உண்ணுதலையும் உறங்குதலையும் வெட்டுதலையும் பழுத்தலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு உருவகம் என்றால் யாதென்று தனியே விளக்கவேண்டியதில்லை. கவிஞர்கள் இதனை உடன்படுவர்.

சற்றே நின்று நோக்கத்தக்கது கானா நாட்டு அகான் மக்களின் 'ஓவாரே'. வரிசைக்கு ஆறாகப் பன்னிரண்டு குழிகள். குழிக்கு நான்காக 48 விதைகள். கடைசி விதை எதிரியின் குழியில் விழுந்து அங்கு இரண்டோ மூன்றோ ஆகுமாயின் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். இதுவரை வியப்பில்லை. வியப்பு அடுத்த விதியில் இருக்கிறது. எதிரியின் ஆறு குழிகளும் வெறுமையாகிவிட்டால், ஆடுபவர் தம் விதையில் ஒன்றேனும் அவர் பக்கம் சென்று சேருமாறு ஆடக் கடமைப்பட்டவர். அவ்வாறு ஆட வழி இருக்கும்போது ஆடாமல் இருத்தல் விதிமீறல். எதிரியைப் பட்டினி போட்டு வெல்லுதல் அங்கு வெற்றியெனக் கொள்ளப்படுவதில்லை.

பல்லாங்குழியில் இவ்விதி இல்லை. தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் நிரப்ப இயலாத குழிகளை இழப்பார். இழந்த குழி விலக்கப்படும். கஞ்சி காய்ச்சியேனும் அவர் மீண்டெழ வேண்டும். ஒன்று உயர்ந்தது மற்றொன்று தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறுதல் ஆசிரியர் பணியன்று. பிள்ளைகள் இரண்டையும் ஆடட்டும். ஓவாரேயில் எதிரிக்கு விதை ஈய நேர்ந்தபோது எரிச்சல் கொண்ட பிள்ளை, மறுமுறை தன் பக்கம் வெறுமையானபோது அவ்விதியின் அருமையை அறிந்துகொள்ளும். ஈகை பற்றிய பாடத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்த எரிச்சலும் தேவைப்படுகிறது.

ஓவாரேயின் வரலாறு இதனோடு முடியவில்லை. அட்லாண்டிக் கடலுக்கப்பால் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர் கையில் உடைமை எதுவும் இல்லை. ஆட்டத்தை நினைவிற் கொண்டுசென்றனர். ஆன்டிகுவாவிலும் பார்படோசிலும் 'வாரி' என்ற பெயரில் அஃது இன்றும் ஆடப்படுகிறது. கானாவின் ஆட்டம் கரிபியன் தீவுக்கு எவ்வாறு சென்றது என்று பிள்ளை கேட்கும். விடை இன்பமானதன்று. ஆயினும் ஆசிரியர் விடையளிக்க அணியமாக இருத்தல் வேண்டும். முகத்திற் கரி பூசி மேடையேறிய சிறுவனுக்கு அன்று சொல்லப்படாமற்போனது இந்த வரலாறுதான். இதனைக் கேட்ட பிள்ளை, இலங்கை மலைநாட்டுக்கும் மலேயாத் தோட்டங்களுக்கும் கப்பலேறிய தமிழ்க் கூலிமக்கள் எவற்றை நினைவிற் கொண்டுசென்றனர் என்றும் ஒருநாள் கேட்கக்கூடும். அடிமை வாணிகமும் ஒப்பந்தக் கூலிமுறையும் வேறு வேறு; அவ்வேறுபாட்டையும் அப்போது சொல்லலாம்.

கல்லாட்டங்களும் இவ்வாறே பயன்படும். கழங்கின் வழிவந்த ஐந்தாங்கல்லைத் தமிழ்ச் சிறுமியர் கூழாங்கல் கொண்டு ஆட, சிங்கப்பூரிற் சிறு துணிப்பைகளைக் கூம்பாகத் தைத்து உள்ளே அரிசியோ விதையோ மணலோ இட்டு ஆடுவர். அங்குச் சீனர், மலாயர், தமிழர் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகவே ஆடினர். மங்கோலியாவில் ஆட்டின் கணுக்கால் எலும்பே காய். அதன் நான்கு பக்கங்களுக்கும் குதிரை, ஒட்டகம், செம்மறியாடு, வெள்ளாடு என்று பெயர். தாயக்கட்டையில் எண்ணைக் காணும் பிள்ளை அங்கே மந்தையைக் காணும். ஜப்பானில் பழந்துணித் துண்டுகளைப் பையாகத் தைத்து, அசுகி என்னும் செம்பயற்றை நிரப்பி, வீசிப் பிடித்து ஆடுவது 'ஓதெதாமா'. பாட்டி பேத்திக்குத் தைத்துத் தருவது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நகரங்களிலிருந்து ஊர்ப்புறங்களுக்கு அனுப்பப்பெற்ற பிள்ளைகள் பசி தாளாது அப்பைகளைப் பிரித்துப் பயற்றை உண்டனர். இதனை அறிந்த சிறுமி ஜப்பானிய அங்கி அணிந்தாலும் வேறு முகத்தோடுதான் மேடையில் நிற்பாள்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் தகும். இத்தகைய ஒப்புமைகளைக் கண்டவுடன் 'எல்லாம் இங்கிருந்தே சென்றன' என்று முழங்கும் ஆர்வம் தமிழவைகளில் மிகுதி. குழியாட்டம் எங்குத் தோன்றியது என்பதில் ஆராய்ச்சியாளரிடையே முடிந்த முடிபு இல்லை. இல்லாத முடிபைப் பிள்ளையின் நாவில் ஏற்றுதல், அயலார் ஆட்டத்தை ஆடும் முன்னரே அதனைப் பறித்துக்கொள்வதாகும். இந்தியாவிலிருந்து சென்றதென்று உறுதியாகச் சொல்லத்தக்க ஆட்டம் ஒன்று உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருந்து ஆடும் பரமபதம் அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அதனைத் தம் நாட்டில் அச்சிட்டனர். சிக்கனமும் உழைப்பும் ஏணிகளாயின. சோம்பலும் கீழ்ப்படியாமையும் பாம்புகளாயின. வீடுபேற்றின் இடத்தில் உலகியல் வெற்றி வந்து அமர்ந்தது. இந்தியப் பலகைகளில் ஏணியினும் பாம்பு மிகுதி. ஆங்கிலேயர் நாளடைவில் இரண்டனையும் சமமாக்கினர். பழைய பலகையையும் அச்சுப் பலகையையும் அருகருகே விரித்து, பாம்புகளை எண்ணச் சொன்னாற் போதும். வாழ்க்கையை இரு நாட்டார் எவ்வாறு கணக்கிட்டனர் என்பதைப் பிள்ளைகள் விரல்விட்டே கண்டறிவர்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. முப்பது முட்டை கொள்ளும் அட்டையில் வரிசைக்கு ஆறு குழியாக ஐந்து வரிசைகள் உள்ளன. இரு வரிசையை வெட்டியெடுத்தால் ஓவாரேப் பலகை. ஓர் அட்டையில் இரண்டு பலகைகள் கிடைக்கும். பல்லாங்குழிக்கு மண்ணிற் பதினான்கு குழி தோண்டினாலே ஆயிற்று. கைப்பேசியிலும் இவ்வாட்டங்கள் வந்துள்ளன. ஆயினும் திரையில் விதைகள் தாமே எண்ணப்பட்டுத் தாமே விழுகின்றன. எண்ணும் விரலும் எதிரே அமர்ந்து சிணுங்கும் முகமும் அங்கு இல்லை. பசு என்ற சொல்லும் அங்கு இல்லை.

அச்சொல் போகுமாயின் அதனை மீட்டல் எளிதன்று. பலகை காட்சிக்கூடத்திற் கிடைக்கும். ஊருக்கு ஊர் வேறுபட்ட ஆட்டச் சொற்கள் அறுபது, எழுபது வயது கடந்த மூதாட்டியர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கவியரங்குகள் நீளுங்கால், உடன்வந்த பிள்ளைகள் பின்வரிசையில் உறங்கிப்போதலும், அழைத்துவந்த பாட்டிமார் அவர்களை மடியிற் கிடத்திக் காத்திருத்தலும் யாவரும் கண்டதே. பதினொன்றாம் ஆண்டில் அரங்கின் பக்கத்து அறையில் ஒரு பாய் விரித்து, ஒரு பல்லாங்குழிப் பலகையும் இரண்டு முட்டை அட்டைகளும் வைக்கலாம். பாட்டி தம் ஊர் விதியைச் சொல்லட்டும். பேரப்பிள்ளை ஓவாரே விதியைப் பாட்டிக்குச் சொல்லட்டும். மூதாட்டியர் வாயில் வரும் சொற்களைக் குறித்துக்கொள்ள இளங்கவிஞர் ஒருவர் ஏட்டோடு அருகிருந்தால் அடுத்த மலருக்கு ஒரு சொற்றொகுதி கிடைக்கும். புளியங்கொட்டை உறுப்பினர் வீடுகளிலேயே உண்டு.